கல்பாத்தியில் பழைய வீடு வாங்கிச் சீர்செய்து விற்பது: முதல்முறை இறங்குபவர்களுக்கு

வாளையாறு தாண்டிப் பாலக்காட்டுக்குள் நுழைந்தால் கல்பாத்தி. "காசியில் பாதி கல்பாத்தி" என்று சொல்லிக்கொள்ளும் ஊர். அக்ரஹாரத்துத் தெருவில் ஓட்டு வீடுகள் தோளோடு தோள் ஒட்டி நிற்கும். பிள்ளைகள் மும்பையிலும் அமெரிக்காவிலும் இருக்க, பூட்டியே கிடக்கும் வீடுகளும் உண்டு. அவற்றில் ஒன்றை வாங்கிச் சரிசெய்து விற்கலாம் என்று நினைப்பவர்களுக்கு முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன்: இங்கே வீட்டை வாங்கினால் இரண்டு பக்கத்து வீட்டுக்காரர்களும் சேர்ந்தே வருவார்கள். சுவர் பொது. கூரை முட்டும் இடமும் பொது.

படி 1: மழையில் போய்ப் பாருங்கள்

ஆனி, ஆடியில் மழை கொட்டும்போது போக வேண்டும். வெயில் காலத்தில் எல்லா வீடும் நல்ல வீடுதான். திண்ணை, ரேழி தாண்டிக் கூடத்துக்கு வந்ததும், சுவரை முழங்கால் உயரத்தில் விரல் மடக்கித் தட்டுங்கள். "டொக் டொக்" என்று கேட்டால் உள்ளே பூச்சு விட்டுவிட்டது. நான் பார்த்த முதல் வீட்டில் அப்படித் தட்டியபோது ஒரு முறம் அகலத்துக்குச் சிமெண்ட் பூச்சு அப்படியே கையோடு வந்தது. பின்னால் ஈர மண், வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. பழைய மண், சுண்ணாம்புச் சுவர் தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சி மெல்ல வெளியே விடும். மேலே சிமெண்ட் அடித்தால் அந்த ஈரம் போக வழியில்லாமல் உள்ளேயே அரிக்கும்.

அப்புறம் மச்சில் ஏறுங்கள். கூரையைத் தாங்கும் உத்தரம் சுவருக்குள் நுழையும் இடத்தைச் சாவியால் குத்திப் பாருங்கள். தேக்கு, பலா என்றால் நடுப்பகுதி நூறு வயதிலும் கல் மாதிரி இருக்கும்; சுவருக்குள் இருக்கும் நுனிதான் இற்றுப்போகும்.

படி 2: காகிதம்

பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான். கேரளத்தில் பத்திரத்தை ஆதாரம் என்பார்கள், அதற்கு முந்தையது முன்னாதாரம். வில்லங்கச் சான்று அங்கே குடிக்கடம். பட்டா மாற்றத்துக்குப் பெயர் போக்குவரவு. முதல்தடவை கேட்டபோது பஸ் விஷயம் என்று நினைத்தேன். வில்லேஜ் ஆபீஸில் கட்டிய கரம் (நிலவரி) ரசீதும் யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள்.

கேரளத்தில் இந்துக் கூட்டுக் குடும்ப முறையையே ஒரு சட்டம் ஒழித்தது. 1976 டிசம்பர் 1 முதல் அமல். குடும்பச் சொத்தில் பெண்களுக்குச் சம உரிமை தந்த, இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005 மத்தியத் திருத்தம் இதோடு எப்படிப் பொருந்தும் என்று கோர்ட்டில் வாதம் நடந்திருக்கிறது. நமக்கு அந்த வாதம் வேண்டாம். கட்டிக்கொடுத்த பெண்கள் உட்பட எல்லா வாரிசுகளும் கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான். "அக்கா ஒண்ணும் சொல்லமாட்டா" என்று ஒருவர் சொன்னதை நம்பி அட்வான்ஸ் கொடுத்தேன். அக்கா சொன்னாள். எட்டு மாதம் போனது.

வெளிநாட்டில் இருப்பவர், தன் சார்பில் கையெழுத்துப் போட இன்னொருவருக்குப் பவர் பத்திரம் கொடுத்தால், அது இந்தியா வந்து மூன்று மாதத்துக்குள் முத்திரையிடப்பட வேண்டும். விற்பவர் என்.ஆர்.ஐ. என்றால் அவர் பணத்தில் வரி பிடித்துக் கட்டுவது உங்கள் பொறுப்பு. இங்கேயே இருப்பவர் விற்றால் பிடிக்கும் வழக்கமான 1% (படி 6) அங்கே செல்லாது. ஆடிட்டரிடம் கேட்காமல் பணம் கைமாற வேண்டாம்.

படி 3: கணக்கு

ஒரு உதாரணம். வீடு 40 லட்சம். முத்திரைத் தீர்வை 8%, பதிவுக் கட்டணம் 2%, ஆக 4 லட்சம். வேலைக்கு 18 லட்சம். 44 லட்சத்துக்கு வருடம் 10% வட்டி என்றால் ஒன்றரை வருடத்தில் 6.6 லட்சம். கூரையைப் பிரித்தால் எதிர்பாராதது வரும். வேலைச் செலவில் ஐந்தில் ஒரு பங்காக 3.6 லட்சம் வையுங்கள். மொத்தம் 72.2 லட்சம். அந்தத் தெருவில் 70 லட்சத்துக்குத்தான் போகும் என்றால் திண்ணை எவ்வளவு அழகாக இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள்.

படி 4: பக்கத்து வீடு

வேலை தொடங்கும் முன், ஆசாரியையும் கூட்டிக்கொண்டு இரண்டு பக்கமும் போய்ப் பேசுங்கள். "மாமி, உங்க உத்தரம் இந்தச் சுவத்துலதானே உக்காந்திருக்கு? நாங்க கூரையைப் பிரிக்கறச்சே உங்க பக்கம் முட்டு குடுத்துட்டுத்தான் பிரிப்போம்." இந்த ஒரு வாக்கியம் பல புகார்களைத் தடுக்கும். இரண்டு வீட்டுச் சுவரிலும் ஏற்கெனவே உள்ள விரிசல்களை அவர்கள் முன்னிலையிலேயே தேதியோடு போட்டோ எடுத்து, ஒரு பிரதி அவர்களிடம் கொடுங்கள்.

கல்பாத்தி பாரம்பரியக் கிராமம். இடிக்கவோ முகப்பை மாற்றவோ நகராட்சிக்குப் போனால் கலை பாரம்பரிய ஆணையத்தின் ஒப்புதல் கேட்பார்கள். வாங்கும் முன்பே வரைபடத்தோடு போய் விசாரித்துக்கொள்ளுங்கள்.

படி 5: கூரை, பிறகு சுவர்

வரிசை மாறக் கூடாது. தை பிறந்ததும் ஓடுகளை இறக்கினால் இடவப்பாதி மழைக்குள், அதாவது ஜூன் தொடக்கத்தில் வரும் பருவமழைக்குள், மூடிவிடலாம். உடையாத பழைய ஓடுகளைக் கழுவி அடுக்குங்கள். தெருப்பக்கம் அவற்றையே போடலாம். இற்ற நுனியை மட்டும் அறுத்து, அதே ஜாதி மரத்தில் ஒட்டுப் போடச் சொன்னால் நல்ல ஆசாரி செய்துவிடுவார். முழு உத்தரத்தையும் மாற்றச் சொல்பவரை மாற்றுங்கள்.

சுவரில் சிமெண்டை உரித்து, ஈரம் காய மாதக்கணக்கில் விடுங்கள். பிறகு நீரில் ஊறவைத்த சுண்ணாம்பு ஒரு பங்கு, மணல் மூன்று பங்கு, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர். மெல்லிய பூச்சாக, ஒன்று காய்ந்து ஒன்று. சுண்ணாம்பு காற்றிலிருந்து கரியமில வாயுவை இழுத்துத்தான் இறுகும், அவசரப்படுத்தினால் வெடிக்கும்.

குளியலறையைக் கொல்லைப் பக்கம் வையுங்கள். முற்றத்தை மூடாதீர்கள். இரு பக்கமும் ஜன்னல் இல்லாத வீட்டில் வெளிச்சம் அங்கிருந்துதான் வருகிறது.

படி 6: விற்பது

ஓய்வு பெற்று ஊர் திரும்புபவர்கள்தான் நல்ல வாடிக்கை. விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் வாங்குபவர் 1% வரி பிடிப்பார். இதையே தொழிலாகச் செய்தால் லாபம் வியாபார வருமானம். மூலதன ஆதாயக் கணக்கு கிடைக்காது.

ஐப்பசிக் கடைசியில், தேருக்கு ஊரே திரும்பி வரும். அந்த நாட்களில் வாசலில் கோலம் போட்டுக் கதவைத் திறந்து வையுங்கள். சென்ற தடவை நிறையப் பேர் திண்ணையில் உட்கார்ந்து தேர் பார்த்தார்கள். ஒருவர் மட்டும் உள்ளே வந்து, கூடத்துச் சுவரை முழங்கால் உயரத்தில் தட்டிப் பார்த்தார். அவரிடம்தான் விலை பேசினேன்.