4.3 என்றால் எந்த 4.3? ஓட்ட நேரங்களை நம்புவதற்கு முன்

நான் வசிக்கும் ஊரில், உயர்நிலைப் பள்ளி மைதானம் ஒன்றில், அமெரிக்கக் கால்பந்து ஆடும் பையன் ஒருவனின் 40 யார்டு ஓட்டத்துக்கு நேரம் எடுக்க ஒருமுறை என்னையும் நிற்க வைத்தார்கள். முடிவுக் கோட்டில் மூன்று பேர், மூன்று ஸ்டாப்வாட்ச். ஒரே பையன், ஒரே ஓட்டம். என் கையில் 4.83 நொடி, பக்கத்தில் இருந்தவர் கையில் 4.90, பையனின் அப்பா கையில் 4.71. கல்லூரி கோச்சுகளுக்கு அனுப்பும் பக்கத்தில் எந்த எண் ஏறியிருக்கும் என்று சொல்லவே வேண்டாம். ஜூன் மாதம் ஒரு பயிற்சி முகாமில் லேசர் வைத்து ஓடவிட்டபோது 4.98 வந்தது. தன் வேகமே போய்விட்டது என்று அந்தப் பையன் இரண்டு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. போனது வேகம் இல்லை. முதல் எண்தான் தப்பு.

நான் சொல்வது அமெரிக்கக் கால்பந்து, தலைக்கவசம் போட்டுக்கொண்டு முட்டை வடிவப் பந்தோடு மோதும் ஆட்டம். கல்லூரி முடித்து அதன் தொழில்முறை லீகான என்எஃப்எல்லுக்கு வரும் இளைஞர்களை 1987 முதல் இண்டியானாபொலிஸ் நகரில் ஒன்றாகக் கூட்டிச் சோதிக்கிறார்கள். அதற்குக் கம்பைன் என்று பெயர். ஓட்டம், தாண்டல், எடை தூக்கல் எல்லாம் உண்டு. அதிகம் பேசப்படுவது 40 யார்டு ஓட்டம், அதாவது சுமார் 36.6 மீட்டர்.

அந்த நேரத்தைத் தடகள நேரம் மாதிரி நினைத்துக்கொள்வதுதான் முதல் தவறு. மற்ற பல குழப்பங்களும் இதிலிருந்தே கிளம்புகின்றன. 100 மீட்டரில் துப்பாக்கி வெடித்ததுமே கடிகாரம் ஓடத் தொடங்கிவிடும். சத்தம் காதில் விழுந்து உடம்பு அசையும் வரைக்கும் ஆகும் நேரமும் கணக்கில் சேரும். கம்பைனில் துப்பாக்கி கிடையாது. பையன் தனக்குத் தோன்றும்போது கிளம்புவான். அவன் அசைவதைப் பார்த்து ஒருவர் பொத்தானை அழுத்துவார். முடிவில் மட்டும்தான் மின்னணுக் கதிர். பார்த்து அழுத்தும் அந்தக் கட்டைவிரல் எப்போதும் கொஞ்சம் பிந்தும், பிந்தும் அளவுக்கு நேரம் குறைந்து காட்டும். முழுக்கக் கையாலேயே எடுத்தால் இன்னும் மோசம். தொடக்கத்தில் விரல் பிந்தும். முடிவில் பையன் வருவது கண்ணுக்குத் தெரிவதால் கோட்டைத் தொடும் முன்பே விரல் முந்திக்கொள்ளும்.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்று பார்க்க உசைன் போல்ட்டை எடுத்துக்கொள்ளலாம். 2009 பெர்லினில் 9.58 ஓடியபோது 30 மீட்டரை 3.78 நொடியிலும் 40 மீட்டரை 4.64 நொடியிலும் கடந்தார். இடையில் 36.6 மீட்டர் எங்கே விழும் என்று கணக்குப் போட்டால் ஏறக்குறைய 4.35 வரும். அவர் கிளம்ப எடுத்துக்கொண்ட 0.146 நொடியைக் கழித்தால் 4.2. அது ஆணிக் காலணி போட்டு, கட்டையில் கால் ஊன்றிக் கிளம்பிய உலக சாதனை ஓட்டம். ஆகவே யாராவது பதினாறு வயதுப் பையனைக் காட்டி "4.3 ஓடுவான்" என்றால், யார் கையில் எடுத்த நேரம் என்று கேட்பதில் தப்பே இல்லை. 2024 கம்பைனில் சேவியர் வொர்த்தி 4.21 ஓடியது அசாத்தியமான வேகம், சந்தேகமில்லை. ஆனால் அதை வைத்து அவரையும் போல்ட்டையும் ஒரே கோட்டில் நிறுத்தக் கூடாது.

பழைய சாதனைகளுக்கும் இதே கதைதான். போ ஜாக்சன் என்ற வீரர் 1986இல் 4.12 ஓடினார் என்பார்கள், 4.13 என்று சொல்பவர்களும் உண்டு. கைக்கடிகாரக் காலத்து எண் அது. அவர் மின்னல் வேகக்காரர் என்பதை அப்படியே ஏற்கிறேன். 1999 முதலான மின்னணு நேரங்களின் பட்டியலில் மட்டும் அதைச் சேர்க்க மாட்டேன்.

அப்புறம், தொலைக்காட்சியில் ஓட்டம் முடிந்ததும் மின்னும் எண்ணைப் பிடித்துக்கொள்வது. 2022இல் டைக்வான் தார்ன்டன் ஓடி முடித்ததும் திரையில் 4.21 வந்தது, புதிய சாதனை என்று எல்லோரும் கொண்டாடினார்கள். அதிகாரபூர்வ நேரம் வந்தபோது 4.28. அணிகள் புது வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் இந்தச் சின்ன வித்தியாசத்துக்கு விலை உண்டு. ஒருநாள் பொறுத்திருந்து அதிகாரபூர்வ எண்ணை எழுதுவது நல்லது.

கம்பைன் எண்ணையும் ப்ரோ டே எண்ணையும் ஒரே பட்டியலில் கலப்பதும் அடிக்கடி நடக்கிறது. ப்ரோ டே என்பது வீரரின் சொந்தக் கல்லூரியில், பழகிய தரையில், தன் கோச்சுகள் சுற்றி நிற்க நடப்பது. அணிகளுக்கு ஆள் தேடும் ஸ்கவுட்டுகள் ஆளுக்கொரு ஸ்டாப்வாட்ச் வைத்திருப்பார்கள். அதில் குறைந்த நேரம்தான் செய்தியாக வெளியே வரும். 2021இல் கொரோனாவால் கம்பைன் சோதனைகளே நடக்கவில்லை, எல்லாம் ப்ரோ டே எண்கள். அந்த ஆண்டு வீரர்களை மற்ற ஆண்டுகளோடு அப்படியே ஒப்பிட்டால் கணக்கு இடறும். ஓடாத எலும்பை அளந்தாலே எண் மாறும்போது ஓட்டத்தைப் பற்றிக் கேட்பானேன்: 2022இல், பந்தை வீசும் வீரரான கென்னி பிக்கெட்டின் கை அகலம் கம்பைனில் எட்டரை அங்குலம், சில வாரம் கழித்து ப்ரோ டேயில் 8⅝ அங்குலம்.

தாண்டலில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. முதலில் நின்றபடி கை எட்டும் உயரத்தைக் குறிப்பார்கள், பிறகு குதித்துத் தொட்ட உயரத்திலிருந்து அதைக் கழிப்பார்கள். நிற்கும்போது தோளைக் கொஞ்சம் தளர்த்தி வைத்துக்கொண்டால் போதும், எட்டும் உயரம் குறையும், தாண்டல் கூடும். காலில் புதிதாக ஒரு பலமும் வந்திருக்காது. தாண்டல் எண் நம்ப முடியாத அளவுக்கு இருந்தால் நின்ற உயரத்தை யார் அளந்தார்கள் என்று பாருங்கள்.

இன்னொன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும். எண் சரியா என்பது ஒரு கேள்வி, அந்த எண் எதைச் சொல்கிறது என்பது வேறு கேள்வி. 2008இல் வெர்னான் கோல்ஸ்டன் 102 கிலோவை 37 முறை தூக்கினார். உண்மையான எண். டிராஃப்டில் ஆறாவது ஆளாக ஜெட்ஸ் அணி அவரை எடுத்தது. பந்தை வீசி ஆட்டத்தை நடத்தும் எதிரணி குவார்ட்டர்பேக்கை மடக்கிச் சாய்ப்பதற்காக எடுக்கப்பட்டவர், என்எஃப்எல்லில் ஒருமுறைகூடச் சாய்க்கவில்லை. 2000இல், பின்னாளில் பெரும் நட்சத்திரமான குவார்ட்டர்பேக் டாம் பிரேடி 40 யார்டை 5.28 நொடியில் ஓடினார். அதுவும் உண்மையான எண்தான், அவர் செய்யப்போகும் வேலைக்கு அது தேவைப்படவில்லை, அவ்வளவுதான். பிரேடியைக் காட்டி "இந்தச் சோதனையெல்லாம் சும்மா" என்பவர்கள் இரண்டு கேள்வியையும் ஒன்றாகக் குழப்புகிறார்கள்.

ஒரே எண்ணோடு நிறுத்திக்கொள்ளாமல் எடையையும் மற்றச் சோதனைகளையும் சேர்த்துப் பார்த்தால் படம் தெளிவாகும். 2019இல் டிகே மெட்காஃப் 228 பவுண்டு உடம்போடு 4.33 ஓடினார். அந்த எடையில் அது மலைக்க வைக்கும் வேகம். அதே கம்பைனில் மூன்று கூம்புகளைச் சுற்றி வளைந்து ஓடும் சோதனையில் அவருக்கு ஆனது 7.38 நொடி, பிரேடிக்கு அதே சோதனையில் 7.20தான். நேராக ஓட அசுரன், சட்டென்று திரும்புவதில் சுமார். இரண்டும் அவர்தான்.

ஓடாமலே விட்டவர்களையும் மறக்கக் கூடாது. தனக்குச் சாதகமில்லாத சோதனையை வீரர் தவிர்த்துவிடலாம், 2024இல் மார்வின் ஹாரிசன் ஜூனியர் மாதிரி இடம் உறுதியானவர்கள் ஓடத் தேவையே இல்லை என்றும் இருந்துவிடுவார்கள். ஆக, காலியான கட்டம் ஒருவருக்கு பலவீனம், இன்னொருவருக்கு தன்னம்பிக்கை. அதற்குச் சராசரி எண்ணைப் போட்டு நிரப்பினால் இருவரையும் தப்பாகவே எடைபோடுவோம்.

அந்தப் பையனின் பக்கத்தில் இப்போது 4.71 இல்லை. "4.98, லேசர், செயற்கைப் புல், ஜூன்" என்று இருக்கிறது. அவன் அப்பாவே மாற்றினார்.