டிஸ்ப்ளே ஷூவை எப்படித் தொட்டுப் பார்ப்பது? முதன்முறை ஸ்னீக்கர் வாங்குபவர்களுக்கு

தர்மபுரி பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு ஷூ கடையில் இரண்டு வருடம் வேலை பார்த்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், காலேஜ் படிக்கும் தம்பி ஒருவர் டிஸ்ப்ளேயில் இருந்த வெள்ளை ஸ்னீக்கரை எடுத்து, முனையும் குதிகாலும் ஒட்டுகிற மாதிரி இரண்டாக மடித்தார். நல்ல ஷூ என்றால் இப்படி மடங்கும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். கையை விட்டதும் ஷூ நிமிர்ந்துகொண்டது. ஆனால் விரல் மடங்கும் இடத்தில் குறுக்காக மூன்று கோடுகள் விழுந்துவிட்டன. துணி வைத்துத் தேய்த்தும் போகவில்லை. அதன் பிறகு அந்த ஜோடியை யாருக்கு எடுத்துக் காட்டினாலும், "இது யாரோ போட்டதா?" என்றுதான் கேட்டார்கள். கடைசியில் பாதி விலைக்குப் போனது.

அந்தத் தம்பி தெரியாமல் செய்ததுதான். தரம் பார்க்க வேண்டும் என்று நினைத்ததில் தப்பே இல்லை, இரண்டாயிரம் மூவாயிரம் கொடுக்கிறவர் பார்த்துத்தான் வாங்க வேண்டும். கடைக்கு நஷ்டம் வைக்காமல் அதைப் பார்க்க முடியும்.

கிளம்பும் முன்

சாயங்காலமாகப் போங்கள். நாள் முழுக்க நின்று நடந்ததில் கால் கொஞ்சம் வீங்கியிருக்கும். காலையில் சரியாக இருக்கும் ஷூ சாயங்காலம் இறுக்கிப் பிடிக்கும். வழக்கமாகப் போடுகிற அதே தடிமனில் துவைத்த சாக்ஸ் ஒரு ஜோடி பையில் இருக்கட்டும். கடையிலும் சாக்ஸ் தருவார்கள், ஆனால் அது ஊரே போட்டுப் பார்த்த சாக்ஸ். கிருஷ்ணகிரி ரவுண்டானா பக்கம் மாம்பழமோ பஜ்ஜியோ சாப்பிட்டிருந்தால் கை கழுவிவிட்டு உள்ளே நுழையுங்கள். வெள்ளைத் துணியில் எண்ணெய் ஏறினால் இறங்காது.

படி 1: கேட்டுவிட்டு எடுங்கள்

"அண்ணா, இதைக் கையில எடுத்துப் பார்க்கலாமா?" என்று ஒரு வார்த்தை போதும். பெரும்பாலும் அலமாரியில் ஒற்றைக் கால்தான் இருக்கும், ஜோடியின் இன்னொரு கால் உள்ளே பெட்டியில் இருக்கும். அந்த ஒற்றை வேறு தட்டுக்குப் போய்விட்டால் இரவு கடை சாத்தும்போது தேடி அலைவது வேலை செய்கிற பையன்தான். நானும் அலைந்திருக்கிறேன். எடுக்கும்போது குதிகால் பக்கமாகப் பிடித்து, அடியில் இன்னொரு கை கொடுங்கள். நாக்கையோ (லேஸுக்கு அடியில் இருக்கும் பட்டை) லேஸையோ பிடித்துத் தூக்க வேண்டாம்.

படி 2: முதலில் கண்ணால்

பாதிக் குறை இங்கேயே தெரிந்துவிடும், அதனால் இதற்குத்தான் அதிக நேரம் கொடுங்கள். ஷூவைச் சமமான மேஜையில் வைத்து, குனிந்து பின்பக்கத்திலிருந்து பாருங்கள். குதிகால் நேராக நிற்க வேண்டும். உள்பக்கமோ வெளிப்பக்கமோ சாய்ந்திருந்தால், போட்ட பிறகு இன்னும் சாயும்.

அடுத்து தையல். ஒரே இடைவெளியில், ஒரே கோட்டில் போகிறதா? வளைவு வரும் இடங்களில்தான் தையல் தவறும். நேர்க்கோட்டில் எல்லா ஷூவும் அழகாகவே இருக்கும்.

அப்புறம் மேல்பாகமும் சோலும் சேரும் கோடு. பெரும்பாலான ஸ்னீக்கர்களில் சோல் பசையால் ஒட்டப்பட்டதுதான். கடைக்காரர்கள் இதைப் பேஸ்டிங் என்பார்கள். கொஞ்சம் பசை வெளியே வழிந்திருந்தால் அது பார்வைக்குக் குறை, அவ்வளவுதான். இடைவெளி தெரிந்தால் அதுதான் உண்மையான குறை. வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பாருங்கள், முக்கியமாக விரல் மடங்கும் இடத்தில் இரண்டு பக்கமும். நகத்தை விட்டு நெம்பாதீர்கள். நன்றாக ஒட்டிய பேஸ்டிங்கையும் நகம் கிளப்பிவிடும், அங்கிருந்துதான் பிறகு தண்ணீர் ஏறும்.

சில ஷூக்களில் சோலைச் சுற்றித் தையல் ஓடும். அது நிஜ நூலா என்று கிட்டப் போய்ப் பாருங்கள். தையல் மாதிரியே ரப்பரில் அச்சு வார்த்துவிடுவதும் உண்டு. அச்சு இருப்பதால் மோசமான ஷூ என்று ஆகிவிடாது, ஆனால் தைத்த சோல் என்று நினைத்து அதற்கு விலை கொடுக்கக் கூடாது.

படி 3: கட்டைவிரல்

விரலின் சதைப்பகுதியால் அழுத்துங்கள், நகம் படக் கூடாது. குதிகாலின் பின்சுவரை இரண்டு பக்கமும் லேசாக அழுத்தினால் கெட்டியாக எதிர்க்க வேண்டும். காகிதம் போல உள்ளே போனால் அந்த ஷூ சீக்கிரம் தளர்ந்துவிடும். சோலின் நடு அடுக்கு பெரும்பாலும் இ.வி.ஏ. ஃபோம். அதை அழுத்தும்போது சின்னச் சின்னச் சுருக்கம் வந்து, விட்டதும் மறைய வேண்டும். பி.யூ. (பாலியூரித்தேன்) சோல் என்றால் பெட்டியில் தயாரித்த மாதமும் வருடமும் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த வகை காற்றின் ஈரத்தால் வருடக்கணக்கில் மெல்ல மெல்லச் சிதையும். போடாமல் பெட்டியிலேயே இருந்தாலும் ஒருநாள் பொடிப்பொடியாக உதிரும்.

ஆம்பூர், வாணியம்பாடி நமக்குப் பக்கம். பர்கூர் சிப்காட்டிலேயே ஷூ தொழிற்சாலை இருக்கிறது. அப்படி ஷூ தைக்கும் வேலையில் இருந்த ஓர் அக்கா எங்கள் கடைக்கு வந்தார். வெளியே அழகாக இருக்கிறதா என்று அவர் பார்க்கவே இல்லை. கேட்டுவிட்டுக் கையை உள்ளே விட்டு, கால்விரல் நுனிகள் படும் இடத்தில் தையல் மேடாக இருக்கிறதா என்று தடவிப் பார்த்தார். அந்த மேடுதான் சுண்டுவிரலைக் கடிக்கும். அன்றிலிருந்து நானும் அப்படித்தான் பார்க்கிறேன்.

படி 4: மடக்கிப் பார்க்க வேண்டுமா?

கடைக்காரரையே மடக்கிக் காட்டச் சொல்லுங்கள். அதுதான் மரியாதை, அவருக்கு எந்த ஷூ எவ்வளவு தாங்கும் என்றும் தெரியும். நீங்களே செய்யச் சொன்னால், குதிகாலைப் பிடித்துக்கொண்டு முனையை மட்டும் கொஞ்சம் மேலே தூக்குங்கள். நடக்கும்போது பாதம் எவ்வளவு மடங்குமோ அவ்வளவு போதும். விரல்களுக்குப் பின்னால், பாதத்தின் அகலமான இடத்தில் மடங்கினால் சரி. பாதத்தின் நடுவில், குழிவு வரும் இடத்தில் மடங்கினால் காலுக்குத் தாங்கல் இல்லை. வெள்ளை லெதரிலும் பளபளப்பான மேல்பாகத்திலும் இந்தச் சோதனையே வேண்டாம்.

படி 5: போட்டுப் பார்ப்பது

டிஸ்ப்ளே ஷூவில் காலை நுழைக்காதீர்கள், உங்கள் சைஸைக் கேளுங்கள். நம் ஊரில் பெரும்பாலும் யூ.கே. எண்தான் சொல்வார்கள். யூ.கே. 8 என்பது ஒரு கம்பெனியில் அமெரிக்க எண் 9, இன்னொன்றில் எட்டரை. அதனால் எண்ணை நம்பாமல் காலை நம்புங்கள்.

உட்கார்ந்து, லேஸை நன்றாகத் தளர்த்தி, ஷூ ஹார்ன் (குதிகாலை உள்ளே வழுக்கி இறக்கும் கரண்டி) கேட்டு வாங்கிப் போடுங்கள். பின்பக்கத்தை மிதித்துச் செருப்பு மாதிரி நுழைத்தால் நீங்கள் அழுத்திப் பார்த்த அந்தக் கெட்டியான சுவர் அப்போதே உடையும். இரண்டு காலிலும் போட்டு எழுந்து நில்லுங்கள். நீளமான விரலுக்கு முன்னால் ஏறக்குறைய ஒரு கைக் கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். கடைக்குள் விரிப்பு இருந்தால் அதன் மேல் பத்துப் பதினைந்து அடி நடங்கள். வாசல் தாண்டக் கூடாது. நம் பக்கத்துச் செம்மண் ஒருமுறை சோலில் ஒட்டினால் அது பழைய ஷூதான். குந்துவதும் நுனிக்காலில் நிற்பதும் வாங்கிய பிறகு.

படி 6: டிஸ்ப்ளே ஜோடி மட்டும்தான் இருக்கிறது என்றால்

வாங்கலாம், நானே வாங்கியிருக்கிறேன். இரண்டு காலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டிலும் ஒரே சைஸ் எண் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வெளியில் இருந்த கால் வெயிலில் மஞ்சளாகியிருக்கும், பெட்டியில் இருந்தது வெள்ளையாகவே இருக்கும். அதைக் காட்டி, "டிஸ்ப்ளே பீஸ்தானே ணா, கொஞ்சம் குறைச்சுக் கொடுங்க" என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். மாற்றித் தருவார்களா என்று பணம் கொடுப்பதற்கு முன் கேளுங்கள், பில் வாங்குங்கள். பிறகு பிரச்சினை வந்து கடையில் பேசியும் தீரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

படி 7: திருப்பி வைப்பது

உள்ளே இருந்த காகிதத்தை மறுபடி முனை வரை தள்ளி வையுங்கள், ஷூவின் வடிவம் நிற்பதே அதனால்தான். நாக்கை நேராக்கி, லேஸை உள்ளே போட்டு, எடுத்த தட்டிலேயே வையுங்கள். எந்தத் தட்டு என்று மறந்துவிட்டால் கையில் கொடுத்துவிடுங்கள். நான்கு பெட்டி இறக்க வைத்து, சைஸ் தெரிந்துகொண்டு, வெளியே வந்து ஆன்லைனில் ஆர்டர் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. விலை வித்தியாசம் இருந்தால் ஓனரிடம் நேராகச் சொல்லிக் கேளுங்கள், பல கடைகளில் குறைப்பார்கள். ஒத்துவரவில்லை என்றால், "இன்னைக்கு எடுக்கலைணா" என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். சொன்னால்தான் பையன் பெட்டிகளை மறுபடி மேலே ஏற்றுவான். இல்லாவிட்டால் நீங்கள் வருவீர்கள் என்று கீழேயே வைத்துக் காத்திருப்பான்.