கோபத்துக்காக கவுன்சலிங் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

கோபத்துக்காக ஒருவர் ஆலோசகரிடம் போகிறார் என்றால் அவராக ஆசைப்பட்டுப் போவது ரொம்பக் குறைவு. "இதுதான் கடைசி, இனிமே தாங்காது" என்று மனைவி சொல்லியிருப்பார், இல்லையென்றால் பக்கத்து வீட்டில் யாரோ போலிசைக் கூப்பிட்டிருப்பார்கள், அல்லது அப்பா வீட்டுக்குள் நுழைந்ததுமே மகள் தன் அறைக் கதவைச் சாத்திக்கொள்ள ஆரம்பித்திருப்பாள். அப்படி வந்து உட்கார்கிறவர்களில் பலர் இரண்டு மூன்று தடவையோடு நிறுத்திவிட்டு "போய்ப் பார்த்தேன், ஒன்னும் ஆகலை" என்கிறார்கள். இதைக் கேட்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும், ஏனென்றால் கோபத்துக்குச் சிகிச்சை பலன் தரும் என்பது புதிய செய்தி இல்லை. சிபிடி எனப்படும் சிந்தனை, நடத்தை சார்ந்த சிகிச்சையைப் பற்றிய 50 ஆய்வுகளை 1998ல் சேர்த்துப் பார்த்தார்கள். சிகிச்சை பெற்ற சராசரி ஆள், பெறாதவர்களில் 76 விழுக்காட்டினரைவிட நல்ல நிலையில் இருந்தார். பலன் கிடைக்காமல் போகிற இடங்களில், போகிறவர்கள் தெரியாமல் செய்கிற சில தவறுகளுக்கும் பங்கு உண்டு. அந்தத் தவறுகளில் முக்கால்வாசி ஒரே இடத்திலிருந்துதான் வருகின்றன: கோபம் வெடித்த அந்த அரை நிமிடத்தை நிதானமாகத் திரும்பிப் பார்க்க மனம் வருவதில்லை.

முதல் தவறு, தீர்ப்பு கேட்கப் போவது. உள்ளே போய் உட்கார்ந்ததும் மாமியார் செய்தது, மேலதிகாரி சொன்னது, தம்பி வாங்கிய கடன் என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, "நீங்களே சொல்லுங்க, யாருக்குத்தான் கோபம் வராது?" என்று கேட்கிறோம். கோபப்பட்டதில் நியாயம் இருக்கலாம், பல நேரம் நிச்சயமாக இருக்கும். ஆனால் யார் பக்கம் நியாயம் என்று முடிவு செய்வது ஆலோசகரின் வேலை இல்லை. அவர் "சரி, அப்புறம் என்ன நடந்தது, நீங்க எங்க நின்னீங்க, என்ன சொன்னீங்க?" என்று கேட்டால் அது நம்மைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது போல ஆகிவிடுகிறது, அடுத்த வாரம் போகப் பிடிப்பதில்லை. அவர் அப்படிக் கேட்பது குற்றம் சாட்டுவதற்கு இல்லை. வேலை நடக்கப்போகிற இடம் அதுதான்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். இரவு ஒன்பதரை மணி, சிங்கப்பூரில் ஈசூன் பக்கம் ஒரு நாலறை வீடு. அப்பா வேலை முடிந்து வந்து, குளிக்காமல் கொள்ளாமல், தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இ எழுதப்போகும் மகனுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறார். பையன் பின்னக் கணக்கில் மூன்றாவது தடவையும் அதே தப்பைச் செய்கிறான். அப்பா பென்சிலைப் பிடுங்கி இரண்டாக உடைத்துவிட்டுக் கத்துகிறார். இதை ஆலோசகரிடம் சொல்லும்போது அப்பா "பையன் கவனமே இல்லாம இருந்தான், கோபம் வந்துடுச்சு" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார். ஆலோசகர் விடமாட்டார்.

"பையன் மூணாவது தடவை தப்பா எழுதினப்ப உங்க உடம்புல என்ன நடந்தது சார்?"

"காது சூடாச்சு. பல்லைக் கடிச்சிக்கிட்டிருந்தேன்."

"அப்ப மனசுல என்ன ஓடுச்சு?"

"இவன் என்னை மாதிரியே ஆயிடுவான்னு."

இந்த ஒரு வரி வெளியே வர நாலு வாரம் ஆகலாம். வந்துவிட்டால் கணக்கே மாறிவிடும். பென்சில் உடைந்தது பையனின் கவனக்குறைவால் மட்டும் இல்லை, பயமும் களைப்பும் பசியும் அதில் சேர்ந்திருக்கின்றன. பயத்தைப் பற்றிப் பேசலாம், பசிக்கு முதலில் சாப்பிடலாம், கணக்கை ஞாயிற்றுக்கிழமை காலைக்குத் தள்ளிவைக்கலாம். காது சூடாவது தெரிந்துவிட்டால், பென்சிலைக் கீழே வைக்க சில விநாடிகள் கிடைக்கின்றன. அந்த விநாடிகளைக் கூட்டுவதுதான் சிகிச்சையில் பெரும்பகுதி. அதனால் போகும்போது "எனக்குக் கோபம் அதிகம்" என்ற முடிவைக் கொண்டுபோகாதீர்கள், அந்த வாரம் நடந்த ஒரு சம்பவத்தை, நேரம், இடம், சொன்ன வார்த்தை உட்பட, கைப்பேசியில் குறித்துக்கொண்டு போங்கள்.

இதோடு ஒட்டி வருவது, சம்பவத்தைச் சலவை செய்து சொல்வது. "சும்மா சத்தம் போட்டேன்" என்பார்கள், தட்டு பறந்ததைச் சொல்லமாட்டார்கள். குடித்திருந்ததையும் சொல்லமாட்டார்கள். வெட்கமாக இருக்கும், புரிகிறது. ஆனால் இரண்டு பீருக்குப் பிறகு வருகிற கோபத்துக்கும் ராத்திரி ஷிப்ட் முடிந்து தூங்காமல் இருக்கும்போது வருகிற கோபத்துக்கும் செய்ய வேண்டியது வேறு வேறு. மனச்சோர்வு, குறிப்பாக ஆண்களிடம், அழுகையாக வராமல் எரிச்சலாக வெளியே வருவதுண்டு. தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் எரிச்சலும் படபடப்பும் வரும். தூக்கம், குடி, மாத்திரைகள், உடம்பு எடை குறைவது, இதையெல்லாம் மறைக்காமல் சொன்னால்தான் கோபத்தை மட்டும் பார்ப்பதா, வேறு எதையாவது சோதிக்க வேண்டுமா என்று ஆலோசகரால் முடிவு செய்ய முடியும். பேசுவது வெளியே போய்விடுமோ என்று பயப்படுகிறவர்கள் முதல் சந்திப்பிலேயே நேரடியாகக் கேளுங்கள். யாருடைய உயிருக்காவது ஆபத்து, பிள்ளைகளுக்குத் தீங்கு போன்ற நிலைமைகளில் ஆலோசகர் மற்றவர்களிடம் சொல்ல வேண்டிவரும். அந்த எல்லை எங்கே என்பதை அவரே விளக்குவார்.

அடுத்தது, நம்மில் நிறையப் பேர் மனதார நம்புகிற ஒன்று. கோபம் பிரஷர் குக்கர் மாதிரி, ஆவியை விட்டால்தான் அடங்கும் என்பது. தலையணையைக் குத்து, கத்தித் தீர்த்துவிடு, மனதில் இருப்பதைக் கொட்டிவிடு. பிராட் புஷ்மன் என்ற அமெரிக்க உளவியலாளர் 2002ல் வெளியிட்ட ஆய்வில், தங்களைக் கோபப்படுத்திய ஆளை நினைத்துக்கொண்டே குத்துப்பையைக் குத்தியவர்களுக்குக் கோபம் கூடத்தான் செய்தது, ஒன்றும் செய்யாமல் சும்மா உட்கார்ந்திருந்தவர்கள் அவர்களைவிடத் தேவலை. 2024ல் அவரும் சோஃபி கியார்விக்கும் 154 ஆய்வுகளை, 10,000க்கும் மேற்பட்டவர்களின் தகவல்களோடு, மொத்தமாக அலசினார்கள். மூச்சுப் பயிற்சி, தியானம், தசைகளைத் தளர்த்துவது போன்று உடம்பின் வேகத்தைக் குறைப்பவை கோபத்தையும் குறைத்தன. வேகத்தைக் கூட்டுபவை மொத்தத்தில் உதவவில்லை, மெதுவோட்டம் கோபத்தைக் கூட்டவே செய்தது. ஓடுவது உடம்புக்கு நல்லது, அதை நிறுத்தச் சொல்லவில்லை. கொதித்துக்கொண்டிருக்கும் அந்த நேரத்தில், அதே சண்டையைத் தலைக்குள் ஓட்டிக்கொண்டே பூங்கா இணைப்புப் பாதையில் ஓடினால் கோபம் ஆறும் என்று எதிர்பார்க்காதீர்கள். வாட்ஸ்அப்பில் மூன்று நண்பர்களிடம் ஒரே சண்டையை மூன்று தடவை சொல்வதும் இந்தக் கணக்கில்தான் சேரும்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு விழுங்குவது. "சிகிச்சைக்குப் போறேன், அதனால இனிமே கோபமே படக்கூடாது" என்று ஒருவர் இரண்டு வாரம் வாயைத் திறக்காமல் இருந்து, மூன்றாவது வாரம் பழையதையும் சேர்த்துக் கொட்டிவிடுவார். கோபமே வராத ஆளாக உங்களை மாற்றுவது சிகிச்சையின் நோக்கம் இல்லை. ஒருவர் உங்களை நடத்துகிற விதம் தப்பு என்றால் அதைச் சொல்லத்தான் வேண்டும், அதை எப்போது, எந்தக் குரலில், எந்த வார்த்தையில் சொல்வது என்பதைத்தான் அங்கே பழகுகிறோம்.

சண்டையிலிருந்து எழுந்து போவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆலோசகர் சொல்லிக்கொடுப்பதில் வீட்டில் அதிகம் கெட்டுப்போவது இதுதான். தம்பதிகளை ஆராய்ந்த ஜான் காட்மன், இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 100ஐத் தாண்டிவிட்டால் எதிராளி சொல்வது சரியாக ஏறாது, உடம்பு அடங்கக் குறைந்தது 20 நிமிடமாவது வேண்டும் என்கிறார். அதைக் கேட்டுவிட்டு நாம் என்ன செய்கிறோம்? பேச்சின் நடுவில் கதவை அறைந்து சாத்திவிட்டுப் போகிறோம், கீழ்த்தளத்தில் உட்கார்ந்து சிகரெட் மேல் சிகரெட், மனதுக்குள் அடுத்து என்ன சொல்லி மடக்கலாம் என்ற ஒத்திகை. அப்புறம் மேலே வந்து மூன்று நாள் பேசாமல் இருக்கிறோம். வீட்டில் இருப்பவர்களுக்கு இது தண்டனை. எழுந்து போவதற்கு முன் "எனக்குத் தலை சூடாகுது, அரை மணி நேரத்துல வந்து பேசுறேன்" என்று சொல்லுங்கள், சொன்னபடி திரும்பி வாருங்கள். திரும்பி வருவது பாதி வைத்தியம். இதைச் சண்டை இல்லாத ஒரு நாளில் இருவரும் பேசி வைத்துக்கொண்டால்தான் நடக்கும், சண்டைக்கு நடுவில் அறிவித்தால் ஓடிப்போவது போலத்தான் தெரியும்.

"எங்க அப்பாவும் இப்படித்தான், ரத்தத்துலயே இருக்கு" என்பதும், "கோபம் இருக்கிற இடத்துலதான் குணம் இருக்கும்" என்பதும் ஆலோசனை அறைக்குள் வந்து உட்கார்ந்துகொள்கிற இரண்டு பழைய சாக்குகள். வீட்டில் வெடிக்கிறவர்களில் பலர் மேலாளரிடமோ ராணுவ முகாமில் சார்ஜண்டிடமோ வெடிப்பதில்லை. அங்கே அடக்க முடிகிறதென்றால் அந்தத் திறமை உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. அங்கே எப்படிச் செய்கிறீர்கள் என்பதை ஆலோசகரோடு உட்கார்ந்து பிரித்துப் பாருங்கள், அது மிகவும் உபயோகமான வேலை.

கற்றுக்கொண்டதை ஆயுதமாக்குவது இன்னொரு கொடுமை. "என் கவுன்சலரே சொல்லிட்டாங்க, நீதான் என்னைத் தூண்டிவிடுற" என்று மனைவியிடம் சொல்லும் கணவர், அன்றோடு மனைவியின் ஒத்துழைப்பை இழந்துவிடுகிறார்.

சிங்கப்பூரில் எங்கே போவது என்பதிலும் தடுமாறுகிறார்கள். மனநல மருத்துவர்தான் மருந்து எழுதித் தருபவர், உளவியலாளரும் ஆலோசகரும் பேச்சு வழியாகச் சிகிச்சை செய்கிறவர்கள். தனியாரிடம் ஒரு மணி நேரத்துக்கு நூறு வெள்ளிக்கு மேல் ஆகலாம் என்பதால் பலர் ஆரம்பிக்காமலேயே இருந்துவிடுகிறார்கள். குடிமக்களும் நிரந்தரவாசிகளும் பலதுறை மருந்தகத்துக்குப் போய்ப் பரிந்துரை வாங்கினால், அரசாங்க மருத்துவமனையில் மானியக் கட்டணத்தில் பார்க்கலாம். வீட்டுக்குப் பக்கத்திலுள்ள குடும்பச் சேவை நிலையத்திலும் ஆலோசனை உண்டு, சிண்டா எனப்படும் சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கத்தையும் அணுகலாம். யாரிடமாவது பேசிப் பார்க்க வேண்டும் என்றால் 1771 என்ற தேசிய மனநல உதவி எண் 24 மணி நேரமும் இருக்கிறது. விடுதியில் தங்கி வேலை செய்யும் வெளிநாட்டு ஊழியர்கள் ஹெல்த்சர்வ் அமைப்பின் 3129 5000 என்ற எண்ணை அழைக்கலாம். தனியாரிடம் போவதென்றால் அவருக்கு என்ன தகுதி, கோபத்துக்குச் சிகிச்சை செய்த அனுபவம் உண்டா என்று தயங்காமல் கேளுங்கள். தமிழில் பேச முடியுமா என்பதையும் கேளுங்கள். வீட்டில் தமிழில் சண்டை போடுகிறவர் ஆலோசனை அறையில் ஆங்கிலத்தில் விவரித்தால் பாதிச் சூடு வழியிலேயே ஆறிவிடும்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் வளைந்து கொடுக்கமாட்டேன். கை ஓங்கியாகிவிட்டது, வீட்டில் ஒருவர் பயந்து வாழ்கிறார் என்றால், "ரெண்டு பேரும் சேர்ந்து கவுன்சலிங் போங்க" என்று உறவினர்கள் சமாதானம் பேசுவது தவறு. பயத்தோடு இருப்பவர் அடித்தவர் பக்கத்தில் உட்கார்ந்து உண்மையைச் சொல்ல முடியாது, சொன்னால் வீட்டுக்கு வந்த பிறகு அதற்கும் வாங்கிக்கட்டிக்கொள்வார். அங்கே முதலில் பாதுகாப்பு, அப்புறம்தான் மற்றது. 1800-777-0000 என்ற வன்முறைத் தடுப்பு உதவி எண் இரவு பகல் எந்நேரமும் இயங்குகிறது, உடனடி ஆபத்து என்றால் 999. 2025 ஜனவரி 2 முதல் நடப்புக்கு வந்த சட்டத் திருத்தம், மனரீதியான கொடுமையும் குடும்ப வன்முறைதான் என்று தெளிவாகச் சொல்கிறது. "அடிக்கவே இல்லையே, கத்தினேன், அவ்வளவுதானே" என்கிறவர்களும் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கடைசியாக, சீக்கிரம் நிறுத்திவிடுவது. கோபத்துக்கான சிகிச்சை பெரும்பாலும் எட்டு முதல் பன்னிரண்டு சந்திப்புகள் வரை போகும். 1970களில் கோபத்துக்கென்றே சிகிச்சை வகுத்த ரேமண்ட் நோவாகோவின் முறையில் கடைசிக் கட்டம் முழுக்க ஒத்திகைதான், சின்ன எரிச்சலில் தொடங்கிப் படிப்படியாகப் பெரியதுக்குப் போவது. எம்ஆர்டி ரயிலில் ஒருவர் இடித்துவிட்டுப் போவது, காப்பிக் கடையில் ஆர்டர் மாறி வருவது, இவற்றில் பழகாமல் நேராக மாமியார் விஷயத்தில் முயன்று பார்த்துவிட்டு "வேலை செய்யலை" என்று விட்டுவிடுகிறார்கள். இன்னும் சிலர் ஒரு மாதம் அமைதியாகப் போனதும் சரியாகிவிட்டது என்று நின்றுவிடுகிறார்கள். அந்த மாதத்தில் பள்ளி விடுமுறை இருந்திருக்கலாம், மாமியார் ஊருக்குப் போயிருந்திருக்கலாம். நிறுத்துவதென்றால் ஆலோசகரிடம் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். உங்கள் வீட்டில் வழக்கமாகச் சண்டை வருகிற காலம் எது என்று உங்களுக்கே தெரியும், தேர்வு மாதமோ தீபாவளிச் செலவோ. அதற்கு இரண்டு வாரம் முன்னால் ஒரு சந்திப்புக்கு இப்போதே தேதி வாங்கி வையுங்கள்.