1000 மீட்டரில் குறைந்த உப்பு

வங்கக் கடலில் உப்பு, வெப்பம், ஆழம் அளக்கும் சி.டி.டி. கருவியை இறக்கியிருந்தோம். மேற்பரப்பில் உப்பு குறைவு. ஆற்று நீர் சேரும் கடல்தானே என்று விட்டுவிட்டேன். ஆனால் 1000 மீட்டர் ஆழத்திலும் 34.2 காட்டியது (ஒரு கிலோ கடல்நீரில் ஏறக்குறைய இத்தனை கிராம் உப்பு). அங்கே 35-ஐ ஒட்டித்தான் இருக்கும்.

கேபிளை மாற்றியும் பயனில்லை, அரை நாள் போச்சு. அப்புறம் பம்ப் குழாயைக் கழற்றினேன். உப்பைக் கணக்கிட நீரின் மின்கடத்துதிறனை அளக்கும் கண்ணாடிக் குழாயின் வாயில், வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால்தான் தெரிகிற ஒரு ஜெல்லிமீன் துணுக்கு! அந்தக் கண்ணாடிக்குள் குச்சி, பிரஷ் எதையும் விடவே கூடாது. சோப்பு போல அழுக்கை நீக்கும் டிரைட்டானின் நீர்த்த கரைசலைச் சிரிஞ்சில் மெதுவாக முன்னும் பின்னும் செலுத்தினேன், வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. காய்ச்சி வடித்த நீரில் அலசி மறுபடி இறக்கினோம்.

1000 மீட்டரில் 34.98. சரி, இனி ஒவ்வொரு முறை கருவி மேலே வந்ததும் முதல் வேலை அலசுவதுதான்.