ஃப்ளைவெயிட் பாக்சர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்: 50.8 கிலோவில் சறுக்க இடமே கிடையாது

ஃப்ளைவெயிட் என்றால் 112 பவுண்டு, கிலோ கணக்கில் 50.8. தொழில்முறைக் குத்துச்சண்டையில் இதற்குக் கீழே இரண்டே எடைப்பிரிவுகள்தான், மேலே ஒரு டஜனுக்கும் அதிகம். இந்த எடையில் தொழிலுக்கு வருகிறவர்களிடம் முதலில் சொல்ல விரும்புவது ஒன்றுதான். பெரிய உடம்புக்காரர் செய்து தப்பித்துவிடும் தவறு, உங்கள் உடம்பில் அப்படியே பற்றிக்கொள்ளும். இந்தப் பிரிவில் வீணாய்ப்போன திறமைகளில் நிறைய, ரிங்குக்குள் தோற்றுப்போனவை அல்ல. தராசிலும், ஜிம்மிலும், கையெழுத்துப் போட்ட காகிதத்திலும் தோற்றவை.

எடையிலிருந்தே ஆரம்பிக்கலாம், ஏனென்றால் மற்ற பாதித் தவறுகள் இதிலிருந்துதான் கிளைக்கின்றன. சாதாரண நாட்களில் 56 கிலோ இருக்கும் ஒருவர் 50.8-க்கு வர வேண்டுமென்றால் 5 கிலோவுக்கு மேல் இறக்க வேண்டும், அது உடம்பில் கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு. அதே 5 கிலோவை 90 கிலோக்காரர் இறக்கினால் இருபதில் ஒரு பங்கைவிடக் கொஞ்சம்தான் அதிகம். இருவரும் ஒரே சோனா அறையில் உட்கார்ந்து வியர்வை சிந்தலாம், ஆனால் இருவர் படும் பாடும் ஒன்றல்ல. இது தெரியாமல், பெரிய எடைக்காரர்கள் செய்வதைப் பார்த்துவிட்டுக் கடைசி மூன்று நாட்களில் தண்ணீரை நிறுத்தி, பிளாஸ்டிக் சூட் போட்டு ஓடி, வாயில் எச்சில் ஊற வைத்துத் துப்பித் துப்பி எடையை இறக்குவதுதான் இந்தப் பிரிவின் முதல் தவறு, மிகப் பெரிய தவறும் அதுதான்.

எடை பார்ப்பது பெரும்பாலும் சண்டைக்கு முந்தின நாள். அதனால் "ஒரு நாள் முழுக்க இருக்கிறதே, சாப்பிட்டுத் தண்ணீர் குடித்தால் சரியாகிவிடும்" என்று எல்லோரும் நினைக்கிறார்கள். தராசில் ஏறும் எண் திரும்பி வந்துவிடும், அது உண்மை. ஆனால் தசையில் கரைந்துபோன சர்க்கரைச் சேமிப்பும், ரத்தத்தின் அளவும், உப்புச் சமநிலையும் அந்த வேகத்தில் திரும்பி வந்துவிடாது. முதல் நான்கு ரவுண்டு நன்றாக ஆடிவிட்டு ஏழாவதில் கால் கனத்துப்போகும் ஃப்ளைவெயிட்களைப் பார்த்திருப்பீர்கள். "ஸ்டாமினா போதவில்லை" என்று வர்ணனையில் சொல்வார்கள், பல நேரம் அது முந்தின வாரத் தண்ணீர்க் கணக்கு. சிறுநீரை வெளியேற்றும் மாத்திரையை எடுத்தால் வேலை சுலபம் என்று யாராவது காதில் ஓதுவார்கள். அது ஊக்கமருந்துத் தடைப்பட்டியலில் இருக்கிறது என்பது ஒரு பக்கம், ஏற்கனவே வற்றிய உடம்பில் அது இதயத் துடிப்பையே குலைத்துவிடும் என்பது இன்னொரு பக்கம். அதைத் தொடவே வேண்டாம்.

இதற்கு ஃபிலிப்பைன்ஸின் மேனி பக்கியாவைவிடப் பெரிய உதாரணம் தேட வேண்டியதில்லை. 1998 டிசம்பரில் தாய்லாந்துக்கே போய் சட்சாய் சசகுலை எட்டாவது ரவுண்டில் நாக் அவுட் செய்து டபிள்யூபிசி (உலகக் குத்துச்சண்டைக் கவுன்சில்) ஃப்ளைவெயிட் பட்டத்தை வாங்கினார். 1999 செப்டம்பரில் மெட்கோன் சிங்சுராத்துடன் மோத வந்தபோது தராசு ஒரு பவுண்டு கூடக் காட்டியது. பட்டம் தராசிலேயே போனது. மறுநாள் ரிங்கில் வயிற்றில் வாங்கிய அடியில் மூன்றாவது ரவுண்டில் விழுந்தார். பின்னாளில் உலகமே கொண்டாடிய அதே மனிதர்தான், அவரை அன்று வீழ்த்தியதில் பாதிப் பங்கு அந்த எடைக்கு என்று நான் உறுதியாக நம்புகிறேன். அப்புறம் அவர் ஒரு படி மட்டும் ஏறி நிற்கவில்லை, 122 பவுண்டுக்குப் போனார், 2001 ஜூனில் லெலோஹொனோலோ லெட்வாபாவை வென்று அங்கேயும் உலக சாம்பியன் ஆனார்.

அதனால் இரண்டாவது தவறு, உடம்பு வளர்ந்த பிறகும் பழைய எடையிலேயே தொங்கிக்கொண்டிருப்பது. பதினெட்டு வயதில் தானாக 50 கிலோ இருந்தவர் இருபத்துமூன்றில் அப்படி இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. ஜப்பானின் ஃபைட்டிங் ஹராடா 1962-ல் போன் கிங்பெட்சை வீழ்த்தி ஃப்ளைவெயிட் சாம்பியன் ஆனார், மூன்றே மாதத்தில் பாங்காக்கில் மறுபடி மோதிப் பட்டத்தை இழந்தார். எடையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த அவர் மேலே இருக்கும் பாண்டம்வெயிட் பிரிவுக்கு ஏறினார், அங்கே 1965-ல் அதுவரை தோல்வியே காணாத எடர் ஜோஃப்ரேயை வென்றார், மறுவருடம் இன்னொரு முறையும் வென்றார். ஜோஃப்ரே வாழ்நாளில் தோற்றதே அந்த இரண்டு சண்டைகளில்தான். பழைய பிரிவிலேயே இருந்திருந்தால் ஹராடாவுக்கு அது நடந்திருக்காது. சண்டை இல்லாத மாதங்களில், நன்றாகச் சாப்பிட்டு நன்றாகத் தூங்கிப் பயிற்சி செய்யும்போது உங்கள் எடை என்ன என்று ஒரு வருடம் எழுதி வையுங்கள். அந்த நோட்டுதான் எந்தப் பிரிவு உங்களுடையது என்று சொல்லும், கோச்சின் ஆசையோ மேனேஜரின் கணக்கோ அல்ல. ஃப்ளைவெயிட்டுக்கும் அடுத்த சூப்பர் ஃப்ளைவெயிட்டுக்கும் வித்தியாசம் 3 பவுண்டுதான், ஒன்றரைக் கிலோ கூட இல்லை. அந்த ஒன்றரைக் கிலோவுக்காக எலும்பையும் ஹார்மோனையும் கெடுத்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். பெண் வீராங்கனைகளுக்கு மாதவிடாய் நின்றுபோவது "பயிற்சி கடுமையாக இருக்கிறது" என்பதற்கு அடையாளம் அல்ல, உடம்புக்குச் சாப்பாடு போதவில்லை என்பதற்கு அடையாளம். உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டிய விஷயம் அது.

சரி, ஜிம்முக்கு வருவோம். வெளியில் அதிகம் பேசப்படாத ஒரு தவறு இங்கேதான் நடக்கிறது. ஒரு சராசரி ஜிம்மில் 50 கிலோ உள்ள, வயது வந்த, நன்றாகச் சண்டை போடத் தெரிந்த ஆள் எத்தனை பேர் இருப்பார்கள்? பெரும்பாலும் நீங்கள் ஒருவர்தான். அதனால் 60 கிலோ, 65 கிலோக்காரர்களுடன் ஸ்பாரிங், அதாவது பயிற்சிச் சண்டை, செய்ய வைக்கிறார்கள். "பெரியவனிடம் அடி வாங்கினால் சின்னவன் அடி பூவாகத் தெரியும்" என்று இதற்கு ஒரு விளக்கமும் வைத்திருக்கிறார்கள். மூளைக்கு அந்த விளக்கம் புரியாது. தலைக்கு வரும் அடியைத் தாங்கப் பழக்கப்படுத்த முடியாது, கணக்கில்தான் சேர்த்துக்கொண்டே போக முடியும். பத்து வருடத் தொழிலில் ஒரு பாக்சர் உண்மையான சண்டையில் இருக்கும் நேரம் சில மணி நேரங்கள்தான், ஸ்பாரிங்கில் இருக்கும் நேரம் அதைவிடப் பல மடங்கு. சேதத்தில் பெரும்பகுதி எங்கே சேரும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

பெரிய ஆளுடன் ஸ்பாரிங்கே கூடாது என்று சொல்லவில்லை. ஆனால் அதற்கு ஒரு ஒப்பந்தம் இருக்க வேண்டும், அவர் ஜாப் (முன்கையால் நேராக வீசும் வேகக் குத்து) மட்டும் போடலாம், அல்லது உடம்புக்கு மட்டும் அடிக்கலாம், அல்லது பாதி வேகம் என்று. யாராவது எல்லை மீறினால் கோச் அந்த இடத்திலேயே நிறுத்த வேண்டும், நிறுத்தாத கோச் உங்களைக் காப்பாற்றப் போவதில்லை. முழு வேக ரவுண்டுகளுக்கு உங்கள் அளவுள்ள ஆளைத் தேடி வேறு ஜிம்முக்குப் போகத் தயங்காதீர்கள், பயணச் செலவு, தலையில் அடிபட்டால் ஆகும் செலவைவிடக் குறைவு. ஒரு நாள் பலமாக அடி வாங்கித் தலை கிறுகிறுத்தால், மறுநாள் "லேசாக" என்றுகூட ஸ்பாரிங் வேண்டாம்.

இதோடு ஒட்டியதுதான் அடுத்தது. சின்ன எடையில் அடிக்கு வலு இல்லை, அதனால் ஆபத்தும் இல்லை என்று நினைப்பது. ஃப்ளைவெயிட்கள் ஒரு ரவுண்டில் வீசும் குத்துகளின் எண்ணிக்கை அதிகம், ஒரே அடியில் சண்டை முடிவது குறைவு, அதனால் பன்னிரண்டு ரவுண்டு முழுக்க வாங்கிக்கொண்டே நிற்கும் நிலை அடிக்கடி வருகிறது. தென்கொரியாவின் சோய் யோ-சாம் முன்பு ஒரு படி கீழே, லைட் ஃப்ளைவெயிட்டில் உலக சாம்பியனாக இருந்தவர். 2007 டிசம்பர் 25 அன்று சியோலில் ஒரு ஃப்ளைவெயிட் பட்டச் சண்டை ஆடினார். கடைசி ரவுண்டு முடியப்போகும் நேரத்தில் விழுந்தார், எழுந்தார், புள்ளிகளில் வென்றார், அதன் பிறகு சுருண்டார். 2008 ஜனவரி தொடக்கத்தில் மூளைச்சாவு அடைந்து இறந்தார், அவருடைய உறுப்புகள் மற்றவர்களுக்கு வாழ்வு கொடுத்தன. வென்ற சண்டையிலும் இது நடக்கும். ஆகவே முன்னணியில் இருக்கிறோம் என்பதற்காகத் தற்காப்பை விட்டுவிட்டு ரசிகர்களுக்காக அடிக்கு அடி நின்று ஆடுவது எனக்கு வீரமாகத் தெரியவில்லை. சண்டை முடிந்த இரவு தலைவலி, வாந்தி, தூக்கக் கலக்கம் இருந்தால் அறையில் தனியாகப் படுக்க விடக் கூடாது, உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இதைக் கூட இருப்பவர்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டும், ஏனென்றால் அடி வாங்கியவருக்கு அந்த நேரம் யோசனை ஓடாது.

உடம்பு சரியில்லாதபோது சண்டையை ஒத்திப்போட மறுப்பதும் இந்தப் பிரிவின் பழைய நோய். ஃபிலிப்பைன்ஸின் பான்சோ வில்லா 1923-ல் நியூயார்க்கில் ஜிம்மி வைல்டை வீழ்த்தி உலக சாம்பியன் ஆனவர். 1925 ஜூலை 4 அன்று பல்லில் சீழ் பிடித்து முகம் வீங்கிய நிலையிலும் ஜிம்மி மெக்லார்னினுடன் மோதினார், தோற்றார். தொற்று தொண்டைக்குப் பரவி, பத்தே நாளில், 23 வயதில் போய்விட்டார். இன்று ஆன்டிபயாடிக் இருக்கிறது, உண்மைதான். ஆனால் காய்ச்சலை மறைத்துத் தராசில் ஏறுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள், நீர் வற்றிய உடம்பில் தொற்று என்ன செய்யும் என்று அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை.

அப்புறம் இந்தத் தோல்வியில்லாப் பதிவு மேல் உள்ள மோகம். 15-0, 20-0 என்று காட்டுவதற்காகத் திருப்பி அடிக்கவே தெரியாத ஆட்களைக் கூட்டி வந்து மோத விடுவார்கள், எண் அழகாக ஏறும், கற்றுக்கொண்டது எதுவும் இருக்காது, முதல் உண்மையான எதிராளி வந்ததும் எல்லாம் வெளிப்படும். மெக்சிகோவின் மிகேல் கான்டோ தன் முதல் தொழில்முறைச் சண்டையிலேயே நாக் அவுட்டில் தோற்றவர். அவர்தான் 1975 முதல் 1979 வரை டபிள்யூபிசி பட்டத்தை வைத்திருந்து 14 முறை காப்பாற்றினார், அதுவும் நாக் அவுட் அடியை நம்பி அல்ல, ஜாபையும் காலையும் நம்பி. ஜப்பானின் டைசுகே நைட்டோ 2002-ல் பொங்சக்லெக் வொன்ஜோங்கமிடம் 34 வினாடியில் நாக் அவுட் ஆனார், 2005-ல் மறுபடி தோற்றார், 2007-ல் மூன்றாவது முறை மோதி வென்றார். பொங்சக்லெக் அதுவரை 17 முறை தொடர்ந்து பட்டத்தைக் காத்தவர் என்பதை நினைத்தால்தான் நைட்டோ செய்ததன் அளவு புரியும். 34 வினாடியில் விழுந்ததும் அவர் தொழிலை விட்டிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

பண விஷயத்துக்கு வந்தால், ஃப்ளைவெயிட்டுக்குக் கிடைக்கும் சம்பளம் மேல் எடைகளை ஒப்பிட்டால் குறைவு, பெரிய பணம் புழங்குவதும் ஜப்பான் மாதிரி ஒரு சில இடங்களில்தான். ஆகவே ஒப்பந்தத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடுவது உங்களுக்கு இரட்டை நஷ்டம். வழக்கமான கணக்கைப் பாருங்கள். சம்பளம் நூறு என்றால் மேனேஜர் மூன்றில் ஒரு பங்கு வரை எடுத்துக்கொள்வது பல இடங்களில் நடக்கிறது, கோச்சுக்குப் பத்து, மிச்சம் ஐம்பத்தேழு. அதில்தான் கேம்ப் (சண்டைக்கு முந்தைய பயிற்சி முகாம்) செலவு, ஸ்பாரிங் ஆட்களுக்கான கூலி, ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், வரி எல்லாம் போக வேண்டும். இவற்றில் எது யார் தலையில் என்று எழுத்தில் இல்லையென்றால் அது உங்கள் தலையில்தான். காயத்தால் ஆட முடியாத மாதங்களை ஒப்பந்தக் காலத்தோடு கூட்டிக்கொள்ளும் நிபந்தனை இருக்கிறதா, பட்டம் வென்றால் ஒப்பந்தம் தானாக நீண்டுவிடும் நிபந்தனை இருக்கிறதா, தோற்றால் சம்பளம் பாதியாகும் நிபந்தனை இருக்கிறதா என்று ஒரு வழக்கறிஞரை வைத்துத் தேடிப் பாருங்கள், ப்ரமோட்டர் (சண்டையை ஏற்பாடு செய்பவர்) அனுப்பும் வழக்கறிஞர் அல்ல, நீங்கள் பணம் கொடுக்கும் வழக்கறிஞர். ப்ரமோட்டரும் மேனேஜரும் பண விஷயத்தில் ஒரே கூட்டாக இருப்பது ஆபத்து. அமெரிக்காவில் 2000-ல் வந்த முகமது அலி சட்டம் இதைத் தடுப்பதற்கும் சேர்த்துத்தான் கொண்டுவரப்பட்டது. சட்டம் இல்லாத இடங்களில் நீங்களே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இரண்டு வாரம் இருக்கும்போது வெளிநாட்டுச் சண்டைக்கு அழைப்பு வந்தால் ஒப்புக்கொள்வதும் இந்தக் கணக்கில்தான் வரும். "பக்கியாவ் லெட்வாபாவுடன் இரண்டு வார அவகாசத்தில்தானே ஆடி வென்றார்" என்பார்கள். ஆமாம், ஆனால் அது ஃப்ளைவெயிட்டைவிட 10 பவுண்டு கூடுதலான பிரிவு, அவர் ஏற்கனவே பயிற்சியில் இருந்தார். உங்களை அழைப்பவர் 112-க்கு அழைக்கிறார், நீங்கள் 57 கிலோவில் இருக்கிறீர்கள். பதினான்கு நாளில் அந்த எடையை இறக்கிக்கொண்டே, விமானம் ஏறி, அந்த ஊர்க்காரருடன் அவருடைய ஊரில் ஆட வேண்டும். எவ்வளவு பணம் சொன்னாலும் வேண்டாம் என்று சொல்லப் பழகுங்கள்.

கடைசியாகக் கண். கண்ணில் மின்னல் மாதிரி வெளிச்சம், கறுப்புப் புள்ளிகள் மிதப்பது, ஒரு ஓரம் திரை விழுந்த மாதிரி இருப்பது, இவை விழித்திரை விலகுவதன் அறிகுறிகளாக இருக்கலாம். உரிமம் போய்விடுமோ என்ற பயத்தில் இதை மறைப்பவர்கள் உண்டு. நிக்கோலா ஆடம்ஸ் 2012-லும் 2016-லும் ஃப்ளைவெயிட்டில் ஒலிம்பிக் தங்கம் வாங்கி, தொழில்முறைக்கு வந்து உலக சாம்பியன் பட்டமும் பெற்றவர். கண்மணியில் ஏற்பட்ட கிழிசல் காரணமாக, இனியும் அடி வாங்கினால் பார்வையே போகலாம் என்று மருத்துவர்கள் சொன்னதும் 2019 நவம்பரில் ஓய்வை அறிவித்தார். பட்டம் இருந்தபோதே விட்டார். வருடத்துக்கு ஒரு முறையாவது கண்ணையும் தலையையும் பரிசோதித்து, அந்த அறிக்கைகளின் நகலை ப்ரமோட்டரிடம் அல்ல, உங்கள் வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த வருட ஸ்கேனை எதனோடு ஒப்பிடுவது என்று மருத்துவர் கேட்கும்போது கையில் இருக்க வேண்டும்.