ஓரத்தில் தொடங்கி மையத்தைப் பிடிப்பது எப்படி: ரெட்டி தொடக்கம், முதல் பாடம்

1924 நியூயார்க் சதுரங்கப் போட்டியில், எட்டு ஆண்டுகளாகத் தோல்வியே காணாத உலக சாம்பியன் காபாபிளாங்காவை ரிச்சர்ட் ரெட்டி 31 நகர்த்தல்களில் வீழ்த்தினார். அந்த ஆட்டத்தை வைத்தே பழகுவோம். பலகையை அடுக்கிக்கொள்ளுங்கள். நீங்கள் வெள்ளை.

படி 1: குதிரையை எஃப்3-க்குக் (எழுத்து நெடுவரிசை, எண் கிடைவரிசை) கொண்டுவாருங்கள், அடுத்து சி4 சிப்பாய். இ4, டி4 என்று நடுவில் தள்ளியே பழகிய கை கொஞ்சம் தயங்கும். பரவாயில்லை, மையத்தை மறக்கவில்லை, தள்ளி நின்று குறிவைக்கிறோம், அவ்வளவுதான்.

படி 2: ரெட்டி மூன்றாவதாக பி4 ஆடினார். இங்கே கவனம். கறுப்பு ஜி6 ஆடியிருந்ததால்தான் அது சரி. இ6 ஆடியிருந்தால் எஃப்8 பிஷப்புக்கு வழி திறந்து, பி4 சிப்பாயைச் சும்மா வெட்டிவிடும். அப்படியானால் பி3 போதும். பிறகு பிஷப்பை பி2-இல் வையுங்கள். அங்கிருந்து டி4, இ5 இரண்டும் அதன் பார்வையில் இருக்கும்.

படி 3: ஜி3, பிஷப் ஜி2, காஸ்லிங் (ராஜாவை ஓரமாக ஒதுக்கி யானையை அவருக்கு மறுபக்கம் வைப்பது). அப்புறம் டி3, இன்னொரு குதிரை டி2-க்கு, ராணி சி2-க்கு, யானை டி1-க்கு. இதில் யானைதான் முக்கியம், ஏன் என்று கடைசியில் தெரியும்.

படி 4: இப்போது பொறுமை. காபாபிளாங்கா இ5, சி5 என்று முன்னேறினார். ரெட்டி டி2 குதிரையை எஃப்1-க்கு நகர்த்தினார், பி5 தள்ளினார், இ3-ஆல் முட்டுக்கொடுத்தார், 16-ஆவது நகர்த்தலில்தான் டி4 ஆடினார். புதியவர்கள் பலர் சறுக்குவது இங்கேதான். காஸ்லிங் முடியும் முன், யானை வரும் முன் டி4 தள்ளினால் திறக்கும் வழிகள் எதிராளிக்கே உதவும்.

படி 5: டி4, மையச் சிப்பாய்கள் வெட்டுப்பட்டன. 20-ஆவது நகர்த்தலில் காபாபிளாங்காவின் ராணி சி4 சிப்பாயை எடுத்தது. ரெட்டி பிஷப்பால் ஜி7 பிஷப்பை வெட்ட, ராஜா திருப்பி எடுத்தார். உடனே, இதற்குள் சி2-இலிருந்து டி2-க்கு வந்திருந்த வெள்ளை ராணி பி2-க்குப் போய் செக்! ராஜா ஜி8-க்கு ஒதுங்கியதும் டி1 யானை நேராக டி6 சிப்பாயைத் தூக்கியது. எனக்கு இந்த ஆட்டத்தில் மிகவும் பிடித்த இடம் இதுதான்: அந்த ஒரே செக் யானைக்கு வழியும் விட்டது. அதன்பின் கறுப்பு ராணிக்குத் துரத்தல்தான். 31-இல் இரண்டாவது யானையும் டி5-க்கு வந்தபோது காபாபிளாங்கா தோல்வியை ஒப்புக்கொண்டார்.

பயிற்சிக்கு, 15-ஆவது நகர்த்தல் வரை அடுக்கிவைத்து நண்பரைக் கறுப்பாக உட்காரவையுங்கள். டி4-இலிருந்து நீங்களே ஆடுங்கள், ரெட்டியின் நகர்த்தல்களைப் பிறகு ஒப்பிடுங்கள்.