சீன மொழியின் அலகுச் சொற்கள் கைகொடுத்த விதம்

சிங்கப்பூரில், சீனாவிலிருந்து வந்த பெரியவர்களுக்கு நான் ஆங்கிலம் கற்பித்தபோது, 'மெனி ஃபர்னிச்சர்', 'மச் புக்' போன்ற பிழையான தொடர்கள் ஓயாமல் வந்துகொண்டிருந்தன. சீன மொழியில் 'ஹன் துவோ' ('நிறைய') என்பது எண்ணக்கூடியவை, எண்ண முடியாதவை இரண்டிற்கும் பொருந்துவதோடு, பொருட்பெயர்களும் பன்மைக்காக உருமாறுவதில்லை. ஆகவே எந்தப் பெயருக்கு 'மெனி', எதற்கு 'மச்' என்ற பட்டியலை மனப்பாடம் செய்யச் சொல்வதை விட்டுவிட்டு, அவர்கள் மொழியிலேயே எண்ணுக்கும் பெயருக்கும் நடுவே வரும் அலகுச் சொற்களைப் பிடித்துக்கொண்டேன். 'யி ஜாங் ஜி' என்று சொல்லிப் பழகியவருக்கு 'எ ஷீட் ஆஃப் பேப்பர்' அந்நியமாகத் தோன்றாது. 'யி ஜியென் ஜியாஜூ' அப்படியே 'எ பீஸ் ஆஃப் ஃபர்னிச்சர்' ஆகிவிடும். ஆங்கிலத்திலும் அலகுச் சொல்லைக் கேட்கும் பெயருக்கு 'மச்', எண் நேராக ஒட்டும் பெயருக்கு 'மெனி' என்று பிரித்துக் காட்டியதும் குழப்பம் பெருமளவு தணிந்தது. (பேச்சில் 'எ லாட் ஆஃப்' இரண்டிற்கும் செல்லுபடியாகும் என்பதை நான் மறைக்கவில்லை.) 'ஃபியூ', 'எ ஃபியூ' வேறுபாட்டுக்கு மட்டும் இந்த வழி உதவவில்லை, அதற்கு 'ஹன் ஷாவ்' ('மிகக் குறைவு'), 'ஜி கெ' ('சில') ஆகிய இரண்டையும் எதிரெதிரே வைத்துக் காட்ட வேண்டியிருந்தது.